ஒழுகும் எஞ்சின்: எங்கே பேஸ்ட் போடலாம், எங்கே போடக்கூடாது

ஒழுகுகிறது என்று வரும் வண்டியின் பானெட்டைத் தூக்கினால், எனக்கு முன்பே ஒருவர் அங்கே வந்து போயிருப்பது தெரிந்துவிடும். எஞ்சினின் மேல் மூடியான டேப்பெட் கவர் ஓரம் முழுக்கச் சிவப்பு சிலிக்கான். சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடியைச் சுற்றிக் கறுப்பு. அதற்கும் மேல் எம்சீல். ஒழுகல் மட்டும் அப்படியே இருக்கும்.

ஈரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கேஸ்கட் என்பது இரண்டு முகங்களுக்கு நடுவில் வைக்கும் பேக்கிங்; அந்த இடுக்கை அடைக்கப் பூசும் சிலிக்கான் மாதிரிப் பசைதான் கேஸ்கட் பேஸ்ட். அது கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது உண்மையிலேயே வேண்டிய இடம் ஒரு எஞ்சினில் நாலைந்துதான். மற்ற இடங்களில் வேண்டியது ஒரு வாஷர், ஒரு ரப்பர் வளையம், இல்லாவிட்டால் ஒரு கிளிப். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இணைப்பை இறுக்கும்போது பேஸ்ட் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே வந்ததைத் துடைத்துவிடலாம். உள்ளே போனதை யார் துடைப்பது?

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பாக்கெட்டைக் கடிப்பது கடைசியில்.

கை வைக்கும் முன்: எங்கிருந்து வருகிறது?

சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. எண்ணெய் மேலிருந்து வழிந்து இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் பின்மூலையில் தொங்கும் சொட்டு டேப்பெட் கவரிலிருந்து புறப்பட்டதாக இருக்கலாம். சம்பைக் கழற்றி ஒரு நாளை வீணடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஆல்டர்னேட்டரைப் பாலிதீன் பையால் மூடிவிட்டு, பிரஷும் டீசலும் வைத்துக் கழுவி, சோப்புத் தண்ணீரால் அலசிக் காய விடுங்கள். சந்தேகப்படும் பகுதி முழுக்க முகப் பவுடரைத் தூவிவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. பவுடர் தீர்ந்துபோன ஒரு நாள், பட்டறையில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்துத் தூவினேன். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறுப்பு அல்லது பழுப்பு வழவழப்பு இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, ரோஸ், நீலம் என்று நிறத்தோடு இனிப்பு வாடையும் அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். சிவப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். சுத்தமான தண்ணீர் என்றால் ஏசி, அதை விட்டுவிடலாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம்; வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கூலன்டா என்று நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சில பெரியவர்களிடம் உண்டு. வேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

தரையில் கறுப்புச் சொட்டு

*அண்மையில் ஆயில் மாற்றினீர்களா?*

அப்படியென்றால் முதலில் டிரெயின் போல்ட். அதற்கு அடியில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கி உட்கார்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போடுங்கள். போல்ட்டைத் துடைத்துவிட்டு மறுநாள் காலை அதன் தலையை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வாஷரை மாற்றுங்கள். இங்கே பேஸ்ட்டும் வேண்டாம், டெஃப்லான் டேப்பும் வேண்டாம்.

போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. அலுமினிய சம்பில் முழு பலத்தையும் காட்டி இறுக்கியதன் விளைவு. பேஸ்ட் வைத்து நிறுத்தினால் என்றைக்காவது ஹைவேயில் போல்ட் கழன்று விழும். லேத்துக்குக் கொண்டுபோய் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆயில் பில்டர். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது பில்டரை மாட்டினால் இரண்டு ரப்பர். எஞ்சினை ஓட விட்டதும் கொட்டும், சொட்டாது. புது ரப்பரில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

*ஆயில் பிரஷர் சுவிட்ச் அருகே ஈரமா?*

சுவிட்சின் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் சுவிட்சே ஒழுகுகிறது, மாற்ற வேண்டியதுதான். மரை வழியாக வந்தால் மரைக்கென்று விற்கும் திரவ சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, ஒரு துளி போடுங்கள். ஒற்றை ஒயர் உள்ள சுவிட்சுக்கும் சென்சாருக்கும் எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் ஒழுகல் நிற்கும், மீட்டரும் நிற்கும்.

*சம்பின் ஓரம் முழுக்க ஈரமா?*

சம்பில் இரண்டு வகை. கார்க் அல்லது ரப்பர் பேக்கிங் வைத்தது ஒன்று. பேக்கிங்கே இல்லாமல் கம்பெனியிலேயே பேஸ்ட் மட்டும் போட்டு வந்தது இன்னொன்று.

கார்க் வகையில் ஒழுகுகிறதே என்று போல்ட்டை இன்னும் இன்னும் இறுக்குவார்கள். கார்க் பிதுங்கி வெளியே வரும், தகட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழி விழும், குழிக்கும் குழிக்கும் நடுவில் இடைவெளி வரும், ஒழுகல் கூடும். கழற்றி, தகட்டை ஒரு மரக்கட்டை மேல் கவிழ்த்து வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் புது கார்க் போடுங்கள். பேஸ்ட் இங்கே மூலைகளுக்கு மட்டும், பட்டாணி அளவு. ரப்பர் பேக்கிங்கின் மேல் முழுக்கத் தடவினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பேக்கிங் இல்லாத சம்ப்தான் பேஸ்ட்டின் சொந்த ஊர். எண்ணெய் தாங்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிற ஆர்.டி.வி. (சாதாரண அறைச் சூட்டிலேயே இறுகும்) சிலிக்கான் வாங்குங்கள். நம் ஊரில் அனபாண்ட் என்பது கம்பெனிப் பெயர் என்பதே மறந்து, எந்த டியூப்பையும் அப்படித்தான் கேட்கிறோம். ஜப்பான் வழி வண்டிகளில் திரீபாண்ட் 1215 சாம்பல் நிறம் பழக்கமானது. நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒன்றல்ல. டியூப்பின் முதுகில் எண்ணெய் தாங்குமா, எத்தனை டிகிரி தாங்கும், சென்சாருக்குத் தீங்கில்லாததா என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள்.

பாத்ரூம் சிலிக்கானைக் கொண்டுவந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அழுத்தினால் வினிகர் வாடை அடிக்கும் டியூப் என்றால் அதிலிருந்து அசெட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். உலோகத்தையும் சென்சாரையும் அரிக்கும். எஞ்சினுக்கு அந்த வாடை இல்லாத வகைதான்.

போடும் முறை: இரண்டு முகத்தையும் சுத்தமாகச் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடைத்து, தொட்டால் வழவழப்பே இல்லாத அளவுக்கு உலர விடுங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாத ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக. கோலத்தில் இழை இழுப்பது மாதிரிதான், கை நின்றால் திட்டு விழும். சம்பை நேராகத் தூக்கி வையுங்கள். வைத்த பிறகு இப்படி அப்படி நகர்த்தினால் கோடு வழிந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மேலே தோல் படர ஆரம்பிக்கும், அதற்குள் மூடிவிட வேண்டும். கோடையில் கோடு போட்டுவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள்.

போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். எம்6 போல்ட் என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்கினால் அதிகமாகாது. சில டியூப்பில், முதலில் கையால் மட்டும் இறுக்கி ஒரு மணி நேரம் கழித்து முழுதாக இறுக்கச் சொல்லியிருக்கும். வண்டிக் கம்பெனியின் கையேடு உடனே இறுக்கச் சொல்லும். கையேடு கையில் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் டியூப்படி. ஆயிலை மறுநாள் ஊற்றுங்கள். முழுதாக இறுகுவதற்கு 24 மணி நேரம் என்று பெரும்பாலான டியூப்பில் போட்டிருக்கும். அது விளையாட்டுக்கு இல்லை.

*எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலா?*

கிராங்க் பின்சீலாக (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) இருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து எந்தப் பேஸ்ட்டாலும் அதைத் தொட முடியாது. முதலில் டேப்பெட் கவரின் பின்பக்கத்தையும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பி.சி.வி. வால்வையும் பார்த்துவிடுங்கள் (அடுத்த தலைப்பில் இருக்கிறது). அவை சரியாக இருந்தால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். பட்டறை வேலை. இறக்கும் அன்றைக்கே கிளட்ச் பிளேட்டையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள், கூலி மிச்சம்.

கியர் பாக்ஸ் உடலின் இரண்டு பாதி சேரும் இடம், ஆயில் பம்ப் மூடி போன்ற கடைசல் பிடித்த முகங்களுக்குச் சிலிக்கான் கூடாது. அதன் கனமே பேரிங்கின் இடைவெளியைக் கெடுக்கும். இங்கே லாக்டைட் 518 மாதிரியான, காற்றில்லாத இடத்தில் மட்டும் இறுகும் வகை. கால் மில்லிமீட்டருக்குள் இருக்கும் இடைவெளிக்கு அது போதும், 150 டிகிரி வரை தாங்கும். எனக்கு இதில் பிடித்த குணம், உள்ளே பிதுங்கியது இறுகாமல் எண்ணெயோடு கரைந்து போய்விடும். சிலிக்கானுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

எஞ்சின் மேலே எண்ணெய், சிக்னலில் நின்றால் கருகல் வாடை

டேப்பெட் கவரிலிருந்து வழிந்து, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் விழுந்து எரிகிறது. பார்க்கும் வரிசை இது.

ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் கல்லாகிவிட்டதா? நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் மூடியை மாற்றுங்கள், கதை முடிந்தது.

அடுத்து பி.சி.வி. வால்வு. எஞ்சினை ஐட்லிங்கில் ஓட விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, ஒரு காகிதத்தை அந்தத் துளையின் வாய் மேல் வையுங்கள். லேசாக உறிஞ்சிப் பிடித்தால் நல்லது. குபுகுபுவென்று தள்ளினால் வால்வோ அதன் ஹோஸோ அடைத்திருக்கிறது, இல்லை பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த கேஸ்கட்டும் நிற்காது. கேஸ்கட்டை மூன்று முறை மாற்றியும் நிற்காத வண்டிகளில் நான் முதலில் பிடுங்கிப் பார்ப்பது இந்த வால்வைத்தான்; குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

அப்புறம்தான் கேஸ்கட். கழற்றிப் பாருங்கள். ரப்பர் சப்பையாகி, வளைத்தால் முறுக்கு மாதிரி முறிந்தால் புதிது வாங்குங்கள். பள்ளத்தைத் துடைத்து உலர்வாகவே வையுங்கள். ரப்பருக்கு பேஸ்ட் வேண்டாம். விதிவிலக்கு, டைமிங் கவரும் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல் மூடி) சேரும் கோட்டிலும், கேம்ஷாஃப்ட் முனையில் அரைவட்டம் ஏறி இறங்கும் மூலைகளிலும் ஒவ்வொரு பொட்டு. நெற்றிப் பொட்டு அளவுதான்.

ஸ்பார்க் பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் குழியின் ரப்பர் வளையமும் போய்விட்டது. கேஸ்கட் செட்டோடு சேர்த்து வாங்குங்கள். காகிதம் தள்ளப்பட்டு, வால்வும் நன்றாக இருந்து, ஆயில் ஊற்றும் துளையிலிருந்து புகையும் வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லிப் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பச்சைச் சொட்டு, அல்லது ஹோஸ் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு

கூலன்ட் கசிந்து காய்ந்தால் சொட்டு தெரியாது, பூப்பு தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டியில் வெள்ளை, நிறக் கூலன்ட் என்றால் அந்த நிறம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. தெரிந்த விஷயம்தானே என்று நினைப்பவர்களின் முகத்தில்தான் கொதிநீர் அடித்திருக்கிறது. மேல் ஹோஸைத் தொட்டுக் கை தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான்.

முதலில் அந்த மூடியே. தலையில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்பது அது. அதே எண்ணில்தான் புதிது வாங்க வேண்டும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். இது தெரியாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது ஹோஸும் கிளிப்பும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை ஒரு விரல் அளவு நகர்த்தி, முனையில் பொருக்கு இருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். ஹோஸுக்குள் பேஸ்ட் தடவி மாட்டுவது வேண்டாத வேலை. அடுத்தமுறை கழற்றுகிறவர் கத்தியால் அறுக்க வேண்டிவரும், போதாததற்கு உள்ளே பிய்ந்தது ரேடியேட்டர் குழாயில் போய் நிற்கும்.

*தெர்மோஸ்டாட் மூடியில் ஒழுகினால்*

ரப்பர் வளையம் உள்ள வகை என்றால் புது வளையம், உலர்வாக. காகித கேஸ்கட் வகை என்றால் புது காகிதம். வேண்டுமானால் இரண்டு பக்கமும் கண்ணாடி போல மெல்லிய பூச்சு, விரலால் தடவினால் காகிதத்தின் நிறம் தெரிய வேண்டும். எனக்கு இந்த இடத்தில் இறுகாத வகைதான் பிடிக்கும். ஹைலோமார் நீலம் மாதிரி. ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்களுக்காக உருவான பொருள், 250 டிகிரி வரை தாங்கும், கழற்றும்போது சண்டை போடாது. பழைய ஆட்கள் ஷெல்லாக் தடவுவார்கள். அதுவும் பிடிக்கும், ஆனால் அடுத்த தடவை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் பக்கம் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இந்த அலுமினிய மூடியின் முகம் அரித்துக் கரையான் தின்ற பலகை மாதிரி இருக்கும். நகம் லேசாகத் தட்டும் குழி என்றால், கூலன்ட் தாங்கும் சிலிக்கானைக் குழியில் நிரப்பி, தகட்டால் வழித்து, காகிதத்தோடு மூடலாம். பேஸ்ட் தன் கூலியை நியாயமாகச் சம்பாதிக்கும் இடம் அது. குழி ரப்பர் உட்காரும் கோட்டைக் கடந்து உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஓடினால் மூடியை மாற்றுங்கள், இல்லை லேத்தில் முகம் பிடிக்கச் சொல்லுங்கள். இனிமேல் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி.

மாட்டும்போது தெர்மோஸ்டாட்டில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று போக. ‘தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

*வாட்டர் பம்ப் அடியில் சொட்டினால்*

பம்பின் உடலில் கீழ்நோக்கி ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் போய்விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே வைத்த வழி அது.

ஒருவர் வந்தார். “அண்ணா, பம்ப்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, எம்சீல் வெச்சு அடைச்சேன், சுத்தமா நின்னுடுச்சு” என்றார், முகமெல்லாம் சிரிப்பு. அவர் ஏசி கேஸுக்காக வந்திருந்தார். பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன், லொடலொடவென்று ஆடியது. தண்ணீர் வழியில்லாமல் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவி எடுத்திருந்தது. அவர் வண்டியில் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடியதால் பம்போடு போயிற்று. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பேரிங் இறுகி பெல்ட் அறுந்து, பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதும்.

துளையிலிருந்து வந்தாலோ புல்லி ஆடினாலோ புது பம்ப். துளை உலர்ந்திருந்து, பம்ப் உட்காரும் முகத்தில் மட்டும் கசிந்தால் கேஸ்கட். டைமிங் பெல்ட்டைக் கழற்றிப் பழக்கமில்லாதவர் அந்த வகைப் பம்பில் கை வைக்க வேண்டாம்.

*ரேடியேட்டரிலேயே என்றால்*

பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கூடும் சேரும் மடிப்பில் ஒழுகினால் எந்தப் பேஸ்ட்டும் நாள் கணக்கில்தான் நிற்கும். நடுவழியில் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேர்ந்த லாரி டிரைவர்கள் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உண்மைதான், ஊசி ஓட்டையை அது அடைக்கும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் பவுடரும் அதே ஜாதி. ஆனால் அவற்றுக்கு நல்ல குழாய் எது, ஓட்டை எது என்ற பேதம் தெரியாது. ஹீட்டரின் மெல்லிய குழாயையும் அடைத்துவிடும். ஊர் சேர்ந்ததும் அலசிவிட்டு ரேடியேட்டர் கடைக்குக் கொடுங்கள்.

தண்ணீர் குறைகிறது, கீழே சொட்டே இல்லை

முதலில் மூடியும் ரிசர்வ் டப்பாவும். டப்பாவில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சூட்டில் ஆவியாகிவிடும், தரையில் தெரியாது. அடுத்து இடது பக்கக் கால்மிதியடிக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பனி மாதிரிப் படலமும் என்றால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர். அதற்குக் குளிர் இல்லாத நம் ஊரில் தற்காலிகமாக ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஓட்டுகிறோம்.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி மூடியில் போட்டிருக்கும் எண் வரை ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கைப்பம்பு மெக்கானிக் பட்டறையில் இருக்கும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம்.

அதன் மற்ற அடையாளங்கள்: சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி (ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள்), ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம். ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடும் வண்டியில் அது வரும். டிப்ஸ்டிக்கே பால் காபியாக இருந்தால் இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

பட்டறையில் நீலத் திரவம் வைத்த ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் பிடிப்பார்கள். எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாகும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் சேர்ந்து குறைந்திருந்தாலும் அதே தீர்ப்பு.

ஹெட் கேஸ்கட்டுக்குச் சிலிக்கான் எந்த நிறத்திலும் கிடையாது. இப்போது வரும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் தன் பூச்சோடு வருகிறது. எண்ணெய்கூடப் படாமல் உலர்வாக உட்கார வேண்டும். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பாருங்கள். பல சின்னப் பெட்ரோல் எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது. அதற்கு மேல் என்றால் ஃபேஸிங், அதாவது முகத்தைக் கடைந்து மட்டமாக்க வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் ‘ஹெட் கேஸ்கட் மருந்து’ பெரும்பாலும் சோடியம் சிலிகேட்; விற்கப் போகும் வண்டியில் சிலர் ஊற்றுவார்கள். வாங்குகிறவர்கள் கவனிக்க.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக், சூடானதும் மறைகிறது

சைலன்சர் மேனிஃபோல்ட் கேஸ்கட். இணைப்பில் கரிக்கோடு தெரியும். நட்டு தளர்ந்திருக்கிறதா, ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கானே சுமார் 340 டிகிரியில் கை தூக்கிவிடும். மேனிஃபோல்ட் சுமை ஏறும்போது 500-ஐத் தாண்டும். உலோக கேஸ்கட் மட்டுமே. அங்கே சிலிக்கான் எரிந்தால் வரும் புகை ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். கடைசிக் குழாய் இணைப்புகளுக்கு சைலன்சர் பேஸ்ட் என்று சிமென்ட் மாதிரி விற்கும், அது போதும். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்திருந்தால் பட்டறைக்கு.

பெட்ரோல் வாடை

பெட்ரோல் படும் எந்த இடத்திலும் சாதாரண சிலிக்கான் கூடாது. கார்புரேட்டர் அடியில் தடவியதைக் கழற்றிப் பார்த்தால் ஊறிய அவல் மாதிரி உப்பி இருக்கும். அங்கே அந்தந்த வண்டிக்கான கேஸ்கட்டும் ரப்பரும் மட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது, வாடை வந்தால் ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பேஸ்ட் போட்ட இடமே மறுபடி ஒழுகுகிறது

பழைய பேஸ்ட்டின் மேல் புதுப் பேஸ்ட் பூசியிருந்தால் அதுவே காரணம். இறுகிய சிலிக்கானில் புது சிலிக்கான் சரியாக ஒட்டாது. முழுக்க எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எடுப்பதற்கு பிளாஸ்டிக் தகடு, பொறுமை இரண்டும் போதும். உப்புத்தாள், கிரைண்டரில் மாட்டும் தேய்ப்பு வட்டு இரண்டையும் அலுமினியத்தில் போடாதீர்கள். முகம் பள்ளமாகும், உதிரும் பொடி ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். பனியன் வேஸ்ட்டால் துடைக்கும்போது நூல் நிற்கும், அதுவும் ஒரு ஒழுகு வழி. மண்ணெண்ணெயில் கழுவியதோடு நிறுத்தினால் எண்ணெய்ப் படலம் தங்கும். கடைசித் துடைப்பு பிரேக் கிளீனரால்.

சுத்தம் சரியாக இருந்தும் ஒழுகினால் டியூப்பின் தேதியைப் பாருங்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். சென்னைக் கடற்கரைப் பக்கம் சீக்கிரம் இறுகுவது, சித்திரை மாதத்து வறண்ட ஈரோட்டில் தாமதமாகும். பிய்த்துப் பார்த்ததில் நடுவில் இன்னும் பசையாக இருந்தால் அவசரப்பட்டு ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், இல்லை டியூப் காலாவதி. ஒரு தகட்டில் கோடு போட்டு வைத்து மறுநாள் நகத்தால் உரித்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வந்தால் டியூப் நல்லது.

அப்புறம் ஒரு சிக்கனம்: பாதி டியூப்பை மூடும்போது மூக்கில் கொஞ்சம் பேஸ்ட்டை விட்டு வையுங்கள். அது தக்கை மாதிரி இறுகிக்கொள்ளும், அடுத்தமுறை ஒரு ஸ்க்ரூவைத் திருகி இழுத்தால் வந்துவிடும்.

எல்லாம் சரி, இன்னும் ஒழுகுகிறது என்றால் முகம் வளைந்திருக்கிறது. நேர்க்கோல் வைத்து லேத்காரர் பார்க்கட்டும்.

பேஸ்ட் வேலை முடிந்து சில நாளில் ஆயில் விளக்கு எரிகிறது

உடனே எஞ்சினை அணையுங்கள். வீடு பக்கம்தான், போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி, விளக்கு அணைகிறதா என்று ஒரு தடவை பார்க்கலாம். சரியான அளவு இருந்தும் எரிந்தால் சுவிட்சாக இருக்கலாம், ஆனால் அதை ஊகித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. பட்டறையில் சுவிட்சைக் கழற்றி அங்கே அழுத்த மீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள்.

போன மழைக்காலத்தில் இப்படி வந்த ஒரு மூன்று சிலிண்டர் பெட்ரோல் காரின் சம்பை இறக்கினேன். வெளியே பார்க்க அழகான வேலை, ஓரமெல்லாம் வழித்துத் துடைத்திருந்தது. உள்ளே, சம்பின் விளிம்பைச் சுற்றிச் சுண்டுவிரல் கனத்துக்குச் சிலிக்கான் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்து விழுந்ததெல்லாம் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில், தட்டில் பிழிந்த இடியாப்பம் மாதிரி, கறுப்பாக அப்பிக் கிடந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் வலை திறந்திருந்தது. விளக்கைப் பார்த்த உடனே நிறுத்தியிருந்ததால் பேரிங் பிழைத்தது. ஸ்ட்ரெய்னரைக் கழற்றி, பிரேக் கிளீனர் அடித்து, இழைகளை ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்கினோம். பையன் எண்ணினான், நாற்பத்து மூன்று. பிறகு புது பில்டர், புது ஆயில், 3 மில்லிமீட்டரில் ஒரே கோடு. மறுநாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது.